ஈரலில் பூசிய பசை

“அடுத்தவங்க ரத்தம் ஒரு சொட்டுகூட ஏத்தாம பொழைக்க வச்சிட்டீங்களே, டாக்டரய்யா!” வீட்டுக்குக் கிளம்பிய ஞானசீலி கைகூப்பினாள். செத்தாலும் பிறர் ரத்தம் உடம்பில் சேரக்கூடாது என்று தன் மத நம்பிக்கைப்படி எழுதிக் கொடுத்திருந்தவள்.

அறுவையின்போது அவள் ஈரலில் ரத்தக் கசிவு நிற்காமல் போகவே, டாக்டர் தில்லைநாயகம் அதை அடைக்கும் பசையைப் பீய்ச்சியிருந்தார். இரண்டு குழல்களின் நீர்மங்கள் முனையில் கலந்ததும், காயத்தில் ரத்தம் உறைவது போலவே கெட்டியாகிப் பிடித்துக்கொள்ளும். அழகான வேலை. யாரோ தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நீர்மங்கள் அவை. பசை என்றே சொல்லிப் பழகியவருக்கு, அறுவை முடிந்து பசையின் காலிப் பெட்டியைக் கையில் எடுத்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது.

“ஞாயித்துக்கிழமை சபையில எல்லார் முன்னாடியும் சாட்சி சொல்லப்போறேன்.”

அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார். “அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்மா.”

“சொல்லுங்கய்யா,” என்று அவள் சிரித்தாள். “அதையும் சேர்த்துச் சொல்லிடுறேன்.”