ஏழாவது தலை

"வாயத் தொறக்காதம்மா. நீ எங்க மாமியாரு, ஹைதராபாத்து. தமிழே தெரியாது, ஆமா!" என்று சொல்லி, ஜைதூன் பீ எட்டாம் நம்பரின் முந்தானையை இழுத்து மூக்குவரைக்கும் மூடிவிட்டாள்.

எட்டாம் நம்பர் என்றால் ஒரு மனுஷிதான். மயிலாப்பூர் கால்வாய்க்கரை ஓரமாக வரிசையாய் எட்டு மாநகராட்சி வீடுகள். அதில் கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். புருஷன் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவள் 'டிரைவர் வீட்டம்மா'. அவர் போய்ச் சேர்ந்தபிறகு வீட்டு நம்பரே அவளுக்குப் பேராகிவிட்டது.

வரிசையை இடித்துவிட்டு நாலு மாடி கட்டப்போகிறார்கள். கட்டி முடிக்கும்வரைக்கும் திருவான்மியூரில் கொட்டகை. அப்புறம் திரும்பி வந்தால் புது வீடு. ஏழு பேர் இருக்கிற குடும்பத்துக்கு இரண்டு அறை, குறைந்தால் ஒரே அறை.

கணக்கெடுக்க வருகிறவர் கண்ணால் பார்த்த தலைக்குத்தான் கணக்கு. தட்டியும் திறக்காத கதவுக்குத் தாரால் ஒரு பெருக்கல் குறி. அந்த வீட்டுக்காரருக்குப் புது வீடு கிடையாது.

அந்த வரிசையின் தலையெழுத்தைப் பாருங்கள், மூன்று வீட்டில் சரியாக ஆறு ஆறு பேர்.

"எட்டாம் நம்பர மூணா அறுத்து, ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கலாமா?" என்று ஐந்தாம் வீட்டுப் பொன்ராஜ் குழாயடியில் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தான். பேசிப் பேசி அதுவே முடிவாயிற்று. இரண்டாம் வீட்டில் மாமியார், ஐந்தாம் வீட்டில் அத்தை, ஏழாம் வீட்டில் அம்மா. குமாஸ்தா முன்வாசல் முன்வாசலாக வருவார். இவள் பின்வாசல் வழியாக அவருக்கு முன்னால் ஓடவேண்டும். கடைசியில் தன் வீட்டுக்குள் நுழைந்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கதவைத் திறக்கவேண்டும்.

ஒன்பது வருஷமாக ஒரு சொம்புத் தண்ணீருக்குக்கூட யாரும் அவளைத் தேடியதில்லை. அன்றைக்குச் சாயங்காலமே நல்ல சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டாள்.

மறுநாள் காலையில் குமாஸ்தா அனந்தராமன் வந்தார். கூடவே தார் டப்பாவும் பிரஷ்ஷுமாக ஒரு பியூன்.

இரண்டாம் வீட்டு மாமியார் வாயைத் திறக்கவில்லை. குமாஸ்தா மரியாதையாக "சலாம்" என்றார். முந்தானைக்குள் எட்டாம் நம்பர் சிரிப்பை அடக்கமாட்டாமல் குலுங்கினாள்.

"ஊரு நெனப்பு வந்துட்சு சார், அழுவுது," என்று ஜைதூன் பீ சமாளித்தாள்.

ஐந்தாம் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள். "அத்தே, காப்பி ஆறிப்போவுது, குடி அத்தே!" என்று பொன்ராஜ் குமாஸ்தா காதுபட மூன்று தரம் சொன்னான். நடிப்புக்குத்தான். ஆனால் காப்பி நிஜமாகவே சூடாக இருந்தது. சர்க்கரையும் போட்டிருந்தார்கள்.

ஏழாம் வீட்டில் அவளுக்குக் காய்ச்சல். அந்த வீட்டுத் தங்கம் அவளைப் பாயில் படுக்கவைத்து, கழுத்துவரைக்கும் போர்த்தி, கண்ணும் மறைகிற மாதிரி நெற்றியில் ஈரத்துணியைப் போட்டாள். குமாஸ்தா தலைகளை எண்ணி முடிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இந்தம்மா பேரு?"

"சீதா சார். எங்கம்மா."

அது செத்துப்போன அம்மாவின் பெயர். சொல்லும்போது தங்கத்தின் கை, எட்டாம் நம்பரின் நரைத்த முடியை நெற்றியிலிருந்து மெல்ல ஒதுக்கிவிட்டது. அது குழாயடியில் பேசி வைத்ததில்லை.

"ஏழு," என்று எழுதிக்கொண்டு குமாஸ்தா வெளியே போனார்.

தங்கம் குனிந்து, "ஓடு, ஓடு!" என்று கிசுகிசுத்துவிட்டு, அவரைப் பேச்சில் நிறுத்திவைக்க முன்வாசலுக்கு விரைந்தாள்.

பின்கதவு திறந்தே இருந்தது. அங்கிருந்து அவள் வீட்டுப் பின்கதவுக்குப் பத்தடிதான். சாவி இடுப்பிலேயே இருந்தது.

எட்டாம் வீட்டு முன்கதவைக் குமாஸ்தா தட்டுகிற சத்தம் கேட்டது.

"தோ வந்துடும் சார், குழாயாண்ட போய்கீது. தனிக்கட்டை, எங்க போய்டப் போவுது?" என்றது தங்கத்தின் குரல்.

"இசக்கியம்மாள்!" என்று குமாஸ்தா நோட்டைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். "வீட்ல யாரு? இசக்கியம்மாள்!"

யாரைக் கூப்பிடுகிறார் என்று அவளுக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. அந்தப் பெயரை ஒரு வாய் சொல்லி ஒன்பது வருஷமாயிற்று.

எழுந்து உட்கார்ந்தாள். ஈரத்துணி மடியில் விழுந்தது.

போய்க் கதவைத் திறந்தால் எழுதிக்கொள்வார், ஒன்று என்று. கொட்டகையிலும் ஒன்றுதான். நாலு மாடியில் எந்த மாடி கிடைத்தாலும், அங்கேயும் ஒன்றுதான்.

"எவ்ளோ நேரம்மா நிக்கிறது? ஆளில்லை. போடுப்பா," என்றார் குமாஸ்தா.

"ஐயோ சார், ஒரு நிமிஷம் சார்!" தங்கம், வீட்டுக் கூரைக்கு மேலாகப் பின்பக்கம் பார்த்துக் கத்தினாள். "ஏ எட்டாம் நம்பரு! எங்க பூட்டே? சீக்கிரம் வா, வூடு போய்டும்!"

தார் வாடை உள்ளே வந்தது.

மடியில் கிடந்த துணி வெதுவெதுத்துப் போயிருந்தது. இசக்கியம்மாள் அதைக் கிண்ணத்துத் தண்ணீரில் தானே நனைத்தாள். பிழிந்தாள். நெற்றியில் போட்டுக்கொண்டு, போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்துக்கொண்டு, மறுபடியும் படுத்தாள்.