சுமித்திரா இல்லாத நாள்

போருக்குத் தப்பி ஓடிவந்த பிள்ளைகளுக்காகத் தர்மபுரத்தில் போட்ட ஓலைக் கிடுகுக் கொட்டிலுக்குள் எட்டாம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தவணைப் பரீட்சை நெருங்கியதால் விமலேஸ்வரி ரீச்சர் நைல் நதியையும் சிந்துவெளியையும் மீட்டிப் படிப்பித்தார். மொகஞ்சதாரோச் சனம் எங்கே போனது என்று கேட்டதற்கு, "இடம்பெயர்ந்திட்டினம்" என்று வகுப்பே சேர்ந்து கத்தியது. ரீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மணியடிக்க இன்னும் நேரமிருந்தது. "சரி, இந்த வருசம் வகுப்பில மறக்க ஏலாத நாள் எது? ஆராவது சொல்லுங்கோ" என்றார்.

தேனுகா எழும்பினாள். "பொம்பர் குண்டு போட்டிட்டுப் போனாப்பிறகு எல்லாரும் பங்கர் குழியால வெளியில வந்தம், ரீச்சர். நீங்கள் சுமித்திரா, சுமித்திரா எண்டு கூப்பிட்டுக்கொண்டு ஓடினனீங்கள். அவள் ஓம் எண்டு சொல்லேல்லை."

சுமித்திரா அவளுக்குப் பக்கத்தில்தான் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அப்படியொரு நாள் வந்திருக்கவேயில்லை.

"என்ன கதை இது?" என்று ரீச்சர் அதட்டினார். பிள்ளைகள் அவரை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"நீங்கள் எவ்வளவு அழுதனீங்கள், மறந்திட்டியளோ?" என்றான் விதுசன்.

பள்ளி விட்டதும் ரீச்சர் சுமித்திராவைத் தனியே கூப்பிட்டார். "பிள்ளை, நாளைக்குப் பள்ளிக்கூடம் வராதை. வீட்டில நில்லு."

சுமித்திரா புத்தகப் பையைத் தோளில் மாட்டினாள். "அண்டைக்கும் இப்பிடித்தான் சொன்னனீங்கள், ரீச்சர். நான் வீட்டிலதான் நிண்டனான். குண்டு அங்கதான் விழுந்தது."

வெளியே ஒழுங்கையில் தோழிகள் காத்து நின்றார்கள். அவள் அவர்களிடம் ஓடினாள். வா என்பதா, வராதே என்பதா என்று தெரியாமல் ரீச்சர் கொட்டில் வாசலிலேயே நின்றார்.