கர்னல் சொன்ன ஆறுதல்

இரண்டு நேச நாட்டுப் படைகளும் சேர்ந்து நடத்திய கூட்டுத் தலைமையகத்தில், வேவுப் படை சார்ஜென்ட் மேசையை ஓங்கிக் குத்தினார்.

"எதிரி எல்லைக்குள்ள என்னையும் என் மச்சானையும் அனுப்பினீங்க. முன்னாடி போனவனைச் சுட்டுட்டாங்க. பொணத்தைக்கூடத் தூக்க முடியல. என் தங்கச்சி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அவருடைய தளபதி மேசை மேலிருந்த வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினார். நேச நாட்டுக் கர்னல்தான் எழுந்து வந்து தோளில் கை வைத்தார்.

"வயிறு எரியத்தான் செய்யும், தம்பி. ஆனா நாங்க சும்மா விடல. எங்க ரகசியப் படையும் அங்கதான் பதுங்கியிருக்கு. செவ்வாய்க்கிழமை விடியக்காலை எதிரி வேவுக்காரன் ஒருத்தனைப் போட்டுத் தள்ளிட்டோம்."

சார்ஜென்ட்டின் முகம் மாறியது. "எந்த இடத்துல?"

"செங்கல் சூளைக்குப் பின்னாடி. பால்காரன் வேஷத்துல வந்தான். கையைத் தூக்கிக்கிட்டு, 'நான் உங்க ஆளு'ன்னு கத்தினானாம். நாங்க ஏமாறுவோமா?"

சார்ஜென்ட் தளபதி பக்கம் திரும்பினார். "நாங்க போறதை இவங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

"ரகசியம்னு..." என்று இழுத்தார் தளபதி.

சார்ஜென்ட் கர்னலின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"அவன் ஏமாத்தலய்யா! அது என் மச்சான்!"