மிதிபெட்டி

ரெத்தினம் மைக்கை ஆன் செய்து பாடத் தொடங்கியதும் இளையபெருமாளின் கிட்டார் காணாமல் போயிற்று.

விரல்கள் கம்பிகளின் மேல் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஹார்ன் ஒலிபெருக்கியில் மட்டும் எதுவும் வரவில்லை.

அவன் குனிந்து, காலடியில் இருந்த பெட்டியின் குமிழைத் திருப்பினான். மிதித்தான். மறுபடி மிதித்தான்.

பாட்டு முடிந்து ரெத்தினம் மைக்கை அணைத்ததும் கிட்டார் முழுச் சத்தத்தோடு திரும்பி வந்தது. அடுத்த பாட்டுக்கு மைக் ஆன் ஆனதும் மீண்டும் அடங்கிப்போனது.

"கலந்தரு, என்னன்னு பாருடா."

"நீ வாசி. நான் பாக்குறேன்" என்று ஸ்க்ரூடிரைவரோடு ஆம்ப்ளிஃபயர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

கும்பகோணத்தில் என் ரேடியோ கடையில் நாங்கள் இருவரும் ஆறு மாதம் உட்கார்ந்து செய்த பெட்டி அது. பழைய ரேடியோவின் தகட்டை மடித்து, உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர். மிதித்தால் கிட்டார் தொண்டை கட்டிய மாதிரி கரகரக்கும். மெல்லிசைக் குழுவிடம் இருந்தது ஒரே ஆம்ப்ளிஃபயர். அதில் இணைப்புக்கு ஒரே துளை. அதனால் பாடுகிறவரின் மைக்கையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்திருந்தான் இளையபெருமாள்.

சிக்கல் அங்கேதான். கிட்டாருக்கு இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்தைத் தடுக்கும் அளவு, அதிகம்; மைக்குக்குக் குறைவு. இரண்டையும் அப்படியே ஒன்றாக இணைத்தால் கிட்டாரின் சத்தம் ஆம்ப்ளிஃபயருக்கு ஏறாது. மைக் பக்கமாகவே வடிந்துவிடும். பள்ளத்து வயலின் மடையைச் சாத்துவது மாதிரி என்று சொல்லிக்கொண்டே, இரண்டு வழியிலும் தடுப்புக்கு ஒவ்வொரு ரெசிஸ்டர் வைத்திருந்தான். நாலு நாள் கணக்குப் போட்டு வைத்தது.

கடையில் வைத்துப் பார்த்தபோது இரண்டு சத்தமும் தனித்தனியாக, சுத்தமாக வந்தன.

அந்த ஊர் அவன் ஊர். திருவிடைமருதூரிலிருந்து நாலு மைல். மிராசுதாரிடம் அறுப்புக் கூலி அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டதற்காக அந்தத் தை மாதம் அவன் அப்பா காத்தானையும் இன்னும் பதினொரு பேரையும் போலீஸ் பிடித்துப்போய், பங்குனி வந்தும் விடவில்லை. திருவிழா மேடையில் அவன் ஏறுவதை ஊரில் யாரும் விரும்பவில்லை. தலைமை தாங்க வந்த எம்.எல்.ஏ.தான், இது சமத்துவம் பேசுகிற ஆட்சி, அந்தப் பையன் மேடையில் இருந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். இளையபெருமாளின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். இரண்டாவது பாட்டில் கிளம்பிப் போய்விட்டார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவன் தெரு மொத்தமும் வந்து நின்றது. திருவிழா நாளில் அவர்கள் இந்தப் பக்கம் வரக்கூடாது.

அந்தப் பக்கம் கட்டியிருந்த ஹார்னைப் பார்ப்பதுபோல நான் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போனேன். தென்னை மரத்தடியில் அவன் அம்மா காளியம்மாள் நின்றிருந்தாள்.

"தம்பி, இதுல எம்புள்ள வாசிக்கிறது எது?"

"ஆர்மோனியத்துக்கு அடியில கேக்குது பாருங்கம்மா."

அவள் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டாள்.

"ஆமா, கேக்குது" என்றாள்.

எட்டரை மணிக்குக் கச்சேரி முடிந்தது. இளையபெருமாள் பெட்டியின் ஒயர்களைப் பிடுங்கினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக வாய்க்கால் கரைக்குப் போனான். பின்னாலேயே நானும் போனேன்.

"இப்ப எதுக்கு? கடைக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றேன்.

"டார்ச்சப் பிடி" என்றான்.

நான்கு திருகாணிகளையும் கழற்றி மூடியை எடுத்தான். நான் வெளிச்சம் காட்டினேன்.

மைக் வழியில் இருந்த ரெசிஸ்டரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு அங்குல ஒயர் பற்றவைத்து, சாத்திய மடை திறந்துவிடப்பட்டிருந்தது. காலையில் அது அங்கே இல்லை.

சாப்பாட்டுக்குக் குழு போயிருந்த நேரத்தில் மிராசுதாரின் காரியஸ்தர் அமிர்தலிங்கம் என்னைத் தேடி மேடைக்குப் பின்னால் வந்திருந்தார். "ஏறி உக்காரட்டும், எம்.எல்.ஏ. சொல்லிட்டாரு. ஹார்ன்ல அவன் சத்தம் வரக்கூடாது, அவ்வளவுதான். கடை நம்ம கட்டடத்துலதான இருக்கு, பாய்?" என்றார். அதோடு போய்விட்டார்.

அவன் மேடையில் அடி வாங்காமல் இறங்க வேண்டுமே என்றுதான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பற்றவைக்கிற சோல்டரிங் அயர்ன் சூடேற ஐந்து நிமிஷம் ஆயிற்று. அந்த ஐந்து நிமிஷமும் கடையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இளையபெருமாள் ஒயரைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். எங்கள் இருவரைத் தவிர அந்தப் பெட்டிக்குள் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் யாரும் இல்லை.

அதற்குள் அவன் தெருப் பையன்கள் ஏழெட்டுப் பேர் பாலத்தடியில் சூழ்ந்துவிட்டார்கள். அவர்கள் கையில் கம்பு இருந்தது.

"யாருண்ணே கை வச்சது? சொல்லு."



இளையபெருமாள் மூடியை வைத்து நான்கு திருகாணிகளையும் ஒவ்வொன்றாக முறுக்கினான்.

"யாரும் கை வைக்கல. நாந்தான் கணக்குல தப்பு பண்ணிட்டேன்."

பையன்கள் நம்பாமல் நின்றார்கள். அவன் எழுந்து, என் கையிலிருந்த டார்ச்சை வாங்கி அணைத்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தான். ஏழு வருஷப் பழக்கத்தில் வாடா போடாவைத் தவிர அவன் என்னை வேறு விதமாக அழைத்ததில்லை.

"நீங்க கெளம்புங்க, பாய். பஸ்ஸு போயிடும்" என்றான்.