பெயர் மட்டும் மாற்றி

மூன்றாவது தாளையும் கசக்கிப் போட்டான்.

தபித்தா என்று எழுத முடிந்தது. அதற்கு மேல் பேனா நகரவில்லை.

அவனுடைய ஆறு வயது மகள். தொண்டை அடைப்பான் நோய். திங்கட்கிழமை புதைத்தாயிற்று.

இன்று வியாழன். மதியத்துக்குள் பத்திரிகை அச்சேற வேண்டும்.

ஒஹையோ ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊருக்கு அவன்தான் பத்திரிகை ஆசிரியன், அவன்தான் கவிஞன். குழந்தை இறந்தால் அந்த வார இதழில் எட்டு வரி இரங்கல் பாட்டு வரும். தாய்மார்கள் அதைக் கத்தரித்து பைபிளுக்குள் வைத்துக்கொள்வார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல பாட்டுதான். பொன்னிறச் சுருள்முடி, நீலக் கண்கள். ஊரில் இறந்த முதல் குழந்தைக்கு மனம் உருகித்தான் எழுதினான்.

இரண்டாவது குழந்தைக்கு நேரமில்லை. அந்தப் பாட்டுக்காக அச்சுக் கோத்த ஈய எழுத்துகளைக் கலைக்காமல் நூலால் கட்டி வைத்திருந்தான். அதையே எடுத்தான். பெயரை மட்டும் மாற்றினான். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

யாரும் கேட்கவில்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று இருந்துவிட்டான்.

தபித்தாவுக்காக அந்த எழுத்துக்கட்டைத் தொட அவனுக்குக் கை கூசியது. அவளுக்கென்று ஒரு வரி வேண்டும். அவளுக்கு மட்டும்.

கதவைத் திறந்துகொண்டு திருமதி ப்ரூவர் வந்தாள். நான்கு வருடங்களுக்கு முன் மகன் ஈனோக்கைப் பறிகொடுத்தவள். துணி மூடிய ரொட்டியை மேசைமேல் வைத்தாள். தரையில் கிடந்த தாள்களைப் பார்த்தாள்.

“எதுக்கு இவ்வளவு கஷ்டப்படுறீங்க? அதே பாட்டைப் போடுங்க. எங்க எல்லார் பைபிள்லயும் அதுதானே இருக்கு.”

அவன் கூனிக்குறுகிப் போனான். தெரியும். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கையைப் பிடித்து நன்றி சொன்னார்களே, அத்தனை பேருக்கும் தெரியும்.

அவள் புறப்பட்டாள்.

“உங்க பையன்... எப்படி இருப்பான்?” என்று கேட்டான். நான்கு வருடம் கழித்து.

அவள் நின்றாள். வெகுநேரம் யோசித்தாள்.

“பாட்டுல இருக்கிற மாதிரிதான். பொன்னிறத்துல சுருள்சுருளா முடி.”

ஈனோக்குக்குக் கறுப்பு முடி. கோரைமுடி. அவனுக்கு நன்றாகவே நினைவிருந்தது.

அவள் போய்விட்டாள்.

பயம் வந்துவிட்டது அவனுக்கு. பாட்டெல்லாம் வேண்டாம். அவசரமாகப் புதுத் தாளை இழுத்தான்.

தபித்தாவுக்கு ஒரு முன்பல் விழுந்திருந்தது என்று எழுதினான்.

இடப்பக்கமா, வலப்பக்கமா?