நாத்தனார் இழுத்த சுருள்

"இழுத்தா கழண்டு வரணும்க்கா" என்றாள், தலையில் துணியை இறுக்கிக் கட்டியிருந்த அந்தப் பெண்.

பொம்மைத் தலையில் விக்கைப் பொருத்திக்கொண்டிருந்த சுருளக்காவின் கை அப்படியே நின்றது. சொந்த முடியோ விக்கோ, அவள் சுருட்டிவிட்டால் அடுத்த தலைக்குளியல் வரை துள்ளும். அதனால்தான் அவளுக்கு அந்தப் பெயர். அவள் மாட்டிவிட்ட விக் புயலடித்தாலும் அசையாது. கழன்று வர வேண்டும் என்று கேட்டு இதுவரை யாரும் கடை ஏறியதில்லை.

"கழறக் கூடாதுன்னுதான் எல்லாரும் வருவாங்கம்மா."

"எனக்குக் கழறணும். அப்புறம், என் தலை அளவை விட ஒரு சுத்து பெரிசா வேணும்."

சுருளக்கா அந்தத் தலைத்துணியைப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு முடிகூட எட்டிப் பார்க்கவில்லை. புண்ணோ கட்டோ, பாவம், என்ன கஷ்டமோ என்று நினைத்துக்கொண்டு, மேற்கொண்டு கேட்காமல் பெரிய விக்காகத் தேடி எடுத்தாள்.

செயற்கை இழை. சூட்டுக் கம்பி பட்டால் உருகிவிடும். கொத்துக் கொத்தாகப் பிரித்து, தடித்த ரோலர்களில் சுற்றி, ஊசி குத்தி, ஆவி காட்டினாள். ஆறும்வரை கை வைக்கக் கூடாது. கை சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்குமா?

"வீட்ல தெரியுமா?" என்று குரலைத் தணித்துக் கேட்டாள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து என் தலையில இருக்கிறது விக்குன்னு அண்ணி ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காங்க. வீட்டுக்காரரோட அக்கா. துணி மில்லுல தரம் பார்க்கிற வேலை. எதையும் இழுத்துப் பார்க்காம விட மாட்டாங்க."

"உன் தலையையுமா?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்போ பின்னாடி வந்து இழுத்தாங்க. வரலை. 'நல்ல பசை'ன்னு சொல்லிட்டுக் கையைக் கழுவப் போயிட்டாங்க."

"எந்தக் கடைப் பசை?" சுருளக்காவுக்குத் தொழில் ஆர்வம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்தப் பெண் அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

"உங்களுக்கு வேடிக்கையா இருக்கும்க்கா. கேட்டுக் கேட்டு இப்போ அவருக்கே சந்தேகம் வந்துருச்சு. நான் தூங்கறேன்னு நினைச்சு என் நெத்தியோரத்தை நகத்தால சுரண்டிப் பார்க்கிறார். 'இதையே மறைச்சவ இன்னும் என்னென்ன மறைச்சிருக்கியோ'ன்னு சொல்லிட்டு, தலையணையைத் தூக்கிக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டார்." தலைத்துணியின் முடிச்சை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "இன்னிக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாயிடட்டும். ரெண்டு பேரையும் இங்கேயே வரச் சொல்லியிருக்கேன். நீங்கதான் சாட்சி."

"முடி போனா மானமா போச்சு? தைரியமா ஒத்துக்கோம்மா" என்று சுருளக்கா அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

ரோலர்களை உருவினாள். சீப்பைத் தொடாமல் விரலாலேயே சுருள்களைப் பிரித்து, பொம்மைத் தலையை ஓர் ஆட்டு ஆட்டினாள். அத்தனையும் ஸ்பிரிங் மாதிரி குதித்தன. அந்தப் பெண் விக்கை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், தானே மாட்டிக்கொண்டு வந்து கண்ணாடி முன் உட்கார்ந்தாள். தலை கொஞ்சம் பருத்துத்தான் தெரிந்தது.

நாத்தனார் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். உட்காரச் சொன்னதற்கு, "நின்னுக்கிட்டே பார்த்துத்தான் எனக்குப் பழக்கம்" என்றாள்.

"இழுத்துப் பாருங்க அண்ணி."

நாத்தனார் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பழைய பசையை மனதில் வைத்து, மொத்த பலத்தையும் கொடுத்து இழுத்தாள். விக் பொசுக்கென்று வந்துவிட்டது. அவளும் அதோடு பின்னால் போய், ரோலர் கூடைக்குள் உட்கார்ந்தாள். கையிலிருந்த சுருள்கள் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன.

"பார்த்தியாடா தம்பி" என்றாள், கூடையில் இருந்தபடியே.

தம்பியின் முகம் பேயறைந்தது போல் ஆயிற்று.

அந்தப் பெண் விக்குக்குள் கட்டியபடியே வைத்திருந்த தலைத்துணியை நிதானமாக அவிழ்த்தாள். அடியில் படிய வைத்துக் குத்தியிருந்த ஊசிகளை உருவி, தலையை ஒரு முறை உதறினாள். கன்னங்கரேலென்று, கொழுத்த சுருள்களாக, இடுப்பு வரைக்கும் முடி புரண்டு விழுந்து குதித்தது.

சுருளக்கா வாயைப் பிளந்தாள். கிட்டே போய் ஒரு சுருளை நீவிவிட்டாள். அது துள்ளி மேலே ஏறிக்கொண்டது. வகிட்டை விலக்கி வேரைப் பார்த்தாள். "பிறவிச் சுருள். என் கையால இப்படி ஒண்ணு வந்ததே இல்லை" என்றாள்.

"வரலைன்னா பசைங்கறீங்க அண்ணி. அதான், விக்குன்னா எப்படிக் கழண்டு வரும்னு காட்டினேன். இப்போ இதை இழுங்க."

கணவன்தான் முன்னால் வந்து இழுத்தான். முடியோடு அவள் தலையும் சேர்ந்து வந்தது. வலியில் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. "என்னை மன்னிச்சிடு. தலையணையை இன்னிக்கே உள்ளே கொண்டுவந்துடறேன்" என்றான். அழுகையும் சிரிப்புமாக அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூவரும் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கூடையிலிருந்து மெல்ல எழுந்து வந்தாள். அவள் கண்ணிலும் ஈரம். அந்தப் பெண்ணின் கன்னத்தை வருடினாள். இத்தனை கனிவான குரலில் அவள் பேசி தம்பியே கேட்டதில்லை.

"ஒண்ணைக் கழட்டவே எவ்வளவு மனத்தைரியம் வேணும்னு எனக்குப் புரியுது. நாங்கல்லாம் உன் மனுஷங்கதானே, எதுக்குக் கூச்சம்? அதையும் கழட்டிடும்மா."