ரூபினிக்குப் பத்துக்கு மூன்று

முதலில் என்னை அவமானப்படுத்தியது பார்கவி மேடம். அதற்குப் பிறகுதான் அந்த ரூபினி.

பெங்களூரில் ஒரு ஃபார்மஸி கல்லூரியில் நான் அட்டெண்டர். அன்று மாணவர்களுக்கு மேடம் ஒரு பயிற்சி வைத்திருந்தார். மெடிக்கல் ஷாப்புக்கு வருகிறவர் உயிரை விடும் நினைப்பில் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பேசுவது என்று. நோயாளியாக நடிக்க வேண்டிய ஆள் வரவில்லை.

"சவரிமுத்து, ஸ்வல்ப... கொஞ்சம் இங்க வாங்க. சும்மாதானே உக்காந்திருக்கீங்க, நீங்கதான் பேஷண்ட்" என்றார் மேடம். நடிப்பீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் எனக்கு!

"இவருக்கு இங்கிலீஷ் வராது" என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் சொல்லிவிட்டு, பேப்பரை அவரே உரக்கப் படித்தார்.

"உங்களுக்குத் தூக்கம் இல்ல. சம்சாரம் ஊருக்குப் போயிருக்காங்க. மாத்திரை கேக்கறீங்க. ஒருத்தருக்கு அஞ்சு நிமிஷம். பெல் அடிச்சா அடுத்த ஆள்."

முதலில் ராகேஷ். "டாக்டர் சீட்டு இருக்கா அங்கிள்? இல்லையா? அப்ப தர முடியாது." முடிந்தது.

அடுத்து கிரண். "கவலைப்படாதீங்க அங்கிள், எல்லாம் சரியாயிடும். ராத்திரியில மொபைல் பாக்காதீங்க."

"பட்டன் போன்ல என்னப்பா பாக்கறது?" என்றேன். வகுப்பே சிரித்தது.

கடைசியாக ரூபினி. ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா தூங்கல அங்கிள்?"

"ஒரு மாசம் ஆச்சு."

"வீட்ல யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல."

ஸ்டூலை இன்னும் கிட்டே நகர்த்திக்கொண்டாள்.

"அங்கிள், செத்துடலாம்னு தோணுதா?"

பின்வரிசையில் "ஏய்!" என்று சத்தம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வயசான மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது?

பெல் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"ரூபினி, டைம் ஆச்சு."

"அங்கிள் இன்னும் பதில் சொல்லல மேடம்."

"ஐயோ, அவர் நடிக்கறார்மா! எழுந்திரு."

மறுபடியும் பெல். அவள் அசையவில்லை. நான்தான் விருட்டென்று எழுந்து வெளியே போனேன். என் பின்னாலேயே வந்துவிட்டாள். மதியம் லேபுக்கும் போகவில்லை.

மறுநாள் பத்துக்கு மார்க் போட்டார்கள். கிரணுக்கு ஏழு. ராகேஷுக்கு ஆறு. ரூபினிக்கு மூன்று. ஃபெயில். சான்றிதழ் கிடையாது.

"எது நடிப்பு, எது நிஜம்னு தெரியாதவங்க கவுண்டர்ல நிக்கக்கூடாது" என்று மேடம் எல்லார் முன்னாலும் சொன்னார்.

திங்கட்கிழமை மேடத்தின் அறைக்குப் போனேன்.

"அந்த ரூபினிக்கு மார்க் போடுங்க மேடம்."

"அவளுக்கா? கோபப்பட்டு எழுந்து போனதே நீங்கதானே?"

"போட்டுடுங்க மேடம்."

"ஒரு காரணம் சொல்லு, மாத்தறேன்னு அவகிட்டயே சொன்னேன். வாயைத் திறக்கல. நீங்க நல்லா நடிச்சீங்க சவரிமுத்து. அதுக்காக அவளுக்கு மார்க் போட முடியுமா?"

காரணத்தைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. வெளியே வந்து ரூபினியைப் பிடித்துத் திட்டினேன்.

"மேடம் கேட்டப்ப சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"உங்க விஷயத்தை மார்க்குக்காகச் சொல்லுவாங்களா அங்கிள்? அடுத்த பேட்ச்ல திரும்பச் செய்யறேன். இன்னைக்கு டாக்டர்கிட்ட போகணும், விக்கி அண்ணன் வராரா?"

விக்கி என் மகன். என்னோடு சண்டை போட்டுவிட்டு, விவேக் நகர் வீட்டைவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. சம்சாரம் இறந்து பத்து வருஷம். பேப்பரில் இருந்ததைச் சொல்லாமல் நான் 'யாரும் இல்ல' என்றதை, நாற்பது பேரில் அவள் ஒருத்திதான் கவனித்தாள். அன்று என்னிடம் சம்மதம் கேட்டு அவள்தான் விக்கிக்கு போன் போட்டாள். அவன் ஜீவனஹள்ளியிலிருந்து வந்து சேரும்வரை, சாப்பிடக்கூடப் போகாமல் கல்லூரிப் படிக்கட்டில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் படிக்கட்டில்தான் அவள் கேள்விக்குப் பதில் சொன்னேன். "ஆமாம்மா" என்று.

நான் நல்ல நடிகன் என்று பார்கவி மேடம் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ரூபினிக்குக் குறைத்த அந்த ஏழு மார்க்கை அவர் தந்தே ஆக வேண்டும்.